போர்ஷ் 911: அசையாத வீல் போல்ட்டைக் கழற்றுவது எப்படி?

போர்ஷ் 911, 996 மாடல். சக்கரத்துக்கு அஞ்சு போல்ட். அதுல ஒண்ணு மட்டும் அசையவே மாட்டேங்குது. ஏன்?

130 நியூட்டன் மீட்டர் இறுக்கினா போதும். சிலர் இம்பாக்ட் கன்னால அதுக்கும் மேல இறுக்கிடுறாங்க. கூடவே துருவும் பிடிச்சா, போல்ட் சிக்கிக்கும்.

உடனே ஜாக்கி வைக்காதீங்க. சக்கரம் தரையில இருக்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டுடுங்க. துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு அரை மணி நேரம் விடுங்க. 19 மி.மீ. ஆறு முனை சாக்கெட்டை முழுசா உள்ள இறக்குங்க; பன்னிரண்டு முனைன்னா போல்ட் தலை மழுங்கிடலாம். நீளமான கம்பி மாட்டி, முதல்ல துளி இறுக்கி, அப்புறம் தளர்த்துங்க.

நான் கண்டிப்பா வேண்டாம்னு சொல்றது நெருப்பு. அதிகச் சூட்டுல அலாய் பலம் இழக்கும், வெளியே தெரியாது. வேகமா போறப்போதான் அது ஆபத்தாகும்.

கழண்டதும் புது போல்ட் போட்டு, டார்க் ரென்ச்சால அதே 130-க்கு இறுக்குங்க.