வெள்ளகவிப் பாதையில் வெயில்

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் பெரியகுளத்துக் கடைத்தெருவில் நுங்கு வண்டிகளும் இளநீர்க் குலைகளும் நிறைந்துவிடுகின்றன. வடக்கே அண்ணாந்து பார்த்தால் பழனி மலை நீலமாக நிற்கிறது. “மேலே போய்விட்டால் தப்பித்தோம்” என்று நினைக்காதவர் இங்கே யாருமில்லை. இந்த நினைப்புக்கு வயதும் அதிகம். 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலில் தங்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது, சமவெளியின் வெக்கையிலிருந்தும் நோய்களிலிருந்தும் தப்புவதற்காகத்தான். அவர்களுக்கும் முன்னால், 1821இல், நில அளவைக்கு வந்த லெப்டினன்ட் வார்டு என்பவர் மேலேறிச் சென்றது வெள்ளகவியிலிருந்து.

அந்த வெள்ளகவி கொடைக்கானலுக்கும் கும்பக்கரைக்கும் நடுவே மலைச்சரிவில் இருக்கிறது. காப்பியும் மிளகும் விளையும் ஊர். ஊருக்குள் யாரும் செருப்பணிந்து நடப்பதில்லை. நெடுங்காலமாக வண்டிப் பாதை இன்றி, கால்நடையும் குதிரைச் சுமையுமாகவே வாழ்ந்த மக்கள் அவர்கள். என் தாய்மாமன் ஒருவர் பல ஆண்டுகள் அந்தப் பாதையில் குதிரை ஓட்டியவர். நானும் விடுமுறைகளில் அவருடன் நடந்திருக்கிறேன். அதனால்தான் வெயில் தாக்குதல் என்னும் பொருளைப் பற்றி எழுத நினைத்தபோது, தார்ச்சாலையை விட்டு இந்த மலைப்பாதையை எடுத்துக்கொண்டேன்.

மலையில் வெயிலடித்து ஒருவன் விழுவானா என்று நண்பர்கள் கேட்கலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். பெரியகுளம் முந்நூறு மீட்டருக்கு அருகே. ஆகவே இரண்டுக்கும் பன்னிரண்டு டிகிரி வேறுபாடு சாதாரணம். ஆனால் கும்பக்கரையிலிருந்து ஏறுகிறவனுக்கு அந்தக் குளிர்ச்சி கடைசியில்தான் கிடைக்கிறது. முதலில் வருவது நிழல் குறைந்த முட்புதர்க் காடும், பாறை அனலும், மூச்சு வாங்கும் ஏற்றமும். கொடைக்கானல் என்ற பெயரை நம்பிக் கம்பளிச் சட்டையோடு ஏறத் தொடங்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நம் உடல் ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிந்துகொண்டே இருக்கும். சுமையோடு மலையேறும்போது அது பல மடங்காகிறது. அந்த வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால், பத்து நிமிடத்துக்குள் உடல்வெப்பம் ஒரு டிகிரி ஏறிவிடும். வெளிக்காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது நமக்குள்ள ஒரே வழி வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாவது குறையும். 2024 அக்டோபர் 6ஆம் நாள் சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி காணத் திரண்ட கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தனர். அது கோடையும் அன்று. கொப்பளிக்கும் வெயிலுக்குப் பெயர்போன ஊரான வேலூரும் அன்று. கடற்கரை ஈரமும் நெரிசலும் நிழலின்மையும் சேர்ந்தால் நடுத்தரமான வெயிலே போதும்.

இந்திய வானிலைத் துறையும் இதை உணர்ந்தே அளவுகோல் வைத்திருக்கிறது. வெப்ப அலை என்று பேசத் தொடங்குவதற்குச் சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37, மலையில் 30 டிகிரியே போதும். குளிருக்குப் பழகிய உடல் வெயிலைத் தாங்காது என்பதும் இதற்குள் அடங்கும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகிறது. பழகிய உடல் சீக்கிரமே வியர்க்கிறது, நிறைய வியர்க்கிறது, வியர்வையில் உப்பை மிச்சப்படுத்துகிறது. எனவே மே மாதத்தில் மலையிலிருந்து இறங்கிவந்து தேர்வெழுதும் நம் கொடைக்கானல் மாணவர்களும், குளிர்சாதன அறையிலிருந்து நேராக மலைப்பாதைக்கு வரும் நகரத்து இளைஞர்களும் ஒரே வகையான அபாயத்தில் இருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரைக் கடைசியில், கும்பக்கரைக்கு மேலே அப்படிப்பட்ட ஒரு குழுவை நாங்கள் சந்தித்தோம். நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவர்களில் ஓர் இளைஞன் தள்ளாடினான், தன் நண்பனையே யாரென்று கேட்டான். அவன் விளையாடுகிறான் என்று மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஆயினும் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு கீழே ஓடலாம் என்று நண்பர்கள் பரபரத்தபோது, எங்களோடு வந்த வெள்ளகவிப் பெரியவர் தடுத்தார். “தூக்குறத பெறகு பாத்துக்கலாம்யா. மொதல்ல பயல ஓடையில போடுங்க” என்றார்.

அந்தப் பெரியவர் மருத்துவ நூல் படித்தவர் அல்லர். எனினும் இன்றைய மருத்துவ விதியும் இதுவே: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே கொண்டுசெல்ல வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை, அதாவது 104 பாரன்ஹீட்டைத் தாண்டி, அறிவும் தடுமாறினால் அது வெயில் தாக்குதல். தலைவலி, கால் பிடிப்பு, கிறுகிறுப்பு மட்டும் என்றால் அது களைப்பு. நிழலும் உப்புநீரும் ஓய்வும் போதும். அறிவு தடுமாறுவதே இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு. தோல் வறண்டிருந்தால்தான் வெயில் தாக்குதல் என்று பலர் எண்ணுகிறார்கள். முதியவர்களிடம் அப்படி இருக்கலாம். உழைத்து விழுகிறவர்களிடம் வியர்வை நிற்காமலும் இருக்கும். உள்ளே நடப்பதோ கொடுமை. இரத்தம் தோலை நோக்கிப் பாய்வதால் குடல் வாடுகிறது. அதன் சுவர் கசிந்து நஞ்சு இரத்தத்தில் கலக்கிறது. ஈரலும் சிறுநீரகமும் மூளையும் அடிபடுகின்றன. எவ்வளவு நேரம் சூடு நீடிக்கிறதோ அவ்வளவு சேதம். அரைமணி நேரத்துக்குள் இறக்கிவிட்டால் பெரும்பாலும் பிழைக்கலாம்.

அன்று ஓடையில் இடுப்பளவு நீர் நின்ற ஒரு மடு இருந்தது. சட்டையைக் கழற்றி, கழுத்துவரை அமிழ்த்தி, இருவர் அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். தலை நீருக்கு மேலேயே இருந்தது. இருபது நிமிடத்தில் அவன் “எங்கே இருக்கோம்?” என்று கேட்டான். ஓடை இல்லாத இடத்தில் உடல் முழுதும் நீரை ஊற்றி விசிறலாம். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைக்கலாம். மயங்கியவன் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றுவது அவன் மூச்சை அடைக்கும். காய்ச்சல் மாத்திரையும் இதற்கு உதவாது, ஈரலுக்குக் கேடு செய்யும். மடியில் வெங்காயம் முடிந்துகொள்ளும் நம்பிக்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, குழம்புக்கு ஆகும்.

அதன்பின் டோலி. இரு முனையிலும் முடிந்த துணியை மூங்கிலில் கோத்துத் தூக்குவதுதான் மலைக்காரர் முறை. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அப்படித்தான் வந்தார்கள். வெயில் பட்டவனைத் தூக்கும்போது கம்பளியால் சுற்றக் கூடாது. துணியை நனைத்து, திறந்தே வைத்து, வழியெல்லாம் நீர் தெளித்துக்கொண்டு போக வேண்டும். தூக்குகிறவர்களுக்கும் ஆள் மாற்ற வேண்டும். அவர்களில் ஒருவர் விழுந்தால் இன்னொரு டோலிக்கு ஆள் எங்கே? கீழே 108 வண்டி வரும் இடத்துக்கு ஓர் ஆள் முன்னதாக ஓடுவதும் நல்லது.

வருமுன் காப்பது எளிது. விடியுமுன் புறப்பட்டுப் பத்து மணிக்குள் ஏற்றத்தை முடித்துவிட வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தைய நாள் மது இருந்தால் அன்று நடக்கக் கூடாது. நீர்மோரில் உப்பு இருப்பதால் அதற்கு இணையில்லை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்த்துக் கொட்டுகிறவனுக்கு அது மட்டும் போதாது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து போட்டால் கடைப் பொட்டலத்துக்கு ஓரளவு ஈடாகும். வெறும் நீரையே குடம் குடமாகக் குடிப்பதும் உப்பைக் குறைத்து ஆளை வீழ்த்தும்.

2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு இலட்சம் ரூபாய் கிடைக்க அதில் வழி உண்டு. ஆனால் இறப்புக்குக் காரணம் வெயில் என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். “மயங்கி விழுந்தார்” என்று வீட்டோடு முடித்துவிடும் சாவுகள் எந்தக் கணக்கில் சேரும்?

தெளிந்து எழுந்தவனையும் அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஈரலின் சேதம் ஓரிரு நாள் கழித்தே இரத்தப் பரிசோதனையில் தெரியவரும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகும் சில வாரங்கள் வெயில் வேலையைத் தள்ளிவைத்து, மாலை நடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகவே பழைய உழைப்புக்குத் திரும்ப வேண்டும்.