அடகுக்குப் போகாத பாத்திரம்

எண்ணூர் பர்மா நகரிலோ வியாசர்பாடியிலோ பழைய எனாமல் கேரியரோ, ஓரத்தில் நீலக்கோடு போட்ட தட்டோ பரணிலிருந்து இறங்கினால், கூடவே ஒரு கதையும் இறங்கும்: “பாட்டி ரங்கூன்லேருந்து கொண்டாந்தது.”

1931 கணக்கெடுப்பில், பர்மாவின் தலைநகராயிருந்த ரங்கூனின் வாசிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும், லட்சக்கணக்கானோர் காடும் மலையும் தாண்டி நடந்தே கிளம்பினார்கள். பிள்ளையைத் தூக்கவே தெம்பில்லாத அந்த நடையில் பாத்திரமா வரும்? இன்று வடசென்னையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அறுபதுகளில் நடந்த இரண்டாவது வருகையின் சாமான் என்பது என் கணிப்பு.

1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். கடை கண்ணிகள் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். பானையில் சேர்த்த பணம் வெறும் காகிதமானது. அதன்பிறகுதான் சென்னைத் துறைமுகத்துக்குக் கப்பல் கப்பலாக வந்தார்கள். நகைக்கும் ரொக்கத்துக்கும் கடும் கெடுபிடி. சோறு தின்னும் தட்டை எந்த அதிகாரி மதிப்பார்? அதனாலேயே அது தப்பியது.

இங்கே வந்தும் தப்பியது. கஷ்டம் வந்தால் பித்தளை அண்டா சேட்டு கடைக்குப் போகும், எனாமல் போகாது. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித்தூள் பூசிச் சூளையில் சுட்டது. உருக்கி விற்க அதில் ஒன்றுமில்லை. ‘பர்மா பாத்திரம்’ என்கிறோமே தவிர, அடியைத் திருப்பினால் ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாகியா முத்திரைகூட இருக்கலாம். அதே ரகத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்போது நல்ல கிராக்கி. வியாபாரிக்கு முத்திரை போதும்; எந்த வீட்டுப் பாத்திரம் என்பது வேண்டாம்.

வீட்டுக்கு அதுதானே முக்கியம்! எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவோம், தேதிகூடப் போடுவோம். எனாமலில் உளி பட்டால் பூச்சு தெறிக்கும், அந்த இடத்தில் துரு ஏறும். ஆகவே எனாமல் தட்டில் யார் பெயரும் இருக்காது. யார் வாங்கியது, எந்தக் கடையில், எந்தக் கப்பலில் வந்தது எல்லாமே வாய்வழிச் சேதிதான்.

1964இல் இருபது வயதில் கப்பலேறியவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு தட்டு இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்குங்கள். பாட்டியைக் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.