காதுச் சொட்டு மருந்து கடையில் இல்லையா? வெறுங்கையோடு திரும்பாதீங்க

“புள்ளைக்குக் காதுல சீழ் வடியுதுன்னு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் சொட்டு மருந்து எழுதித் தந்தாரு. மூணு பார்மசி ஏறி இறங்கினோம், இல்லைன்னுட்டாங்க. ஒருநாள் பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு.”

தோட்டத்தில் இப்படிச் சொல்லும் தாய்மார் பலர். காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கும். காதுச் சொட்டு மருந்து அப்படிக் கிடைப்பதில்லை. அதைக் கேட்டு வருபவர்கள் குறைவு. வாங்கி வைத்தால் விற்பதற்குள் திகதி முடிந்துவிடும் என்று சிறிய டவுன் கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். நமது நாட்டில் விற்கும் மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. கப்பலோ காசோ தடைப்பட்டால், குறைவாக விற்கும் மருந்துதான் கடையிலிருந்து முதலில் காணாமல் போகும். 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே மருந்துக்குத் தட்டுப்பாடு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மருந்து கிடைக்காத வீட்டில் என்ன நடக்கிறது? சிலர் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுகிறார்கள். சிலர் தாய்ப்பால் விடுகிறார்கள். பக்கத்துக் காம்பராவில் யாருக்கோ வாங்கிய பழைய போத்தலை இரவல் வாங்குகிறார்கள் இன்னும் சிலர். அநேகமானோர், “வலி இல்லைதானே, தானா நின்னுடும்” என்று விட்டுவிடுகிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

காரணம் இருக்கிறது. காதுக்குள் ஒரு மெல்லிய தோல், மேளத்துக்குக் கட்டிய தோலைப் போல விறைப்பாக இருக்கிறது. அதைச் செவிப்பறை என்பார்கள். தடிமன், சளி பிடித்த பிள்ளைக்கு அதன் பின்னால் சீழ் கட்டும்போது வலி உயிர் போகும். தோல் ஓட்டையாகிச் சீழ் வெளியே வந்ததும் வலி குறைந்துவிடும். அம்மா, சுகமாகிவிட்டது என்று நினைக்கிறார். ஆனால் சீழ் இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தால் அது நாட்பட்ட நோய். ஓட்டை ஆறாமல் நிற்கும், கேட்கும் சக்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வகுப்பில் பின்வாங்கில் இருக்கும் பிள்ளைக்கு டீச்சர் சொல்வது பாதிதான் விளங்கும். “மக்கு”, “சொன்ன பேச்சு கேக்காதவன்” என்று பெயர் வாங்குகிற பிள்ளைகளில் சிலருக்குக் குறை காதில் இருக்கிறது. மூளையில் ஒன்றும் இல்லை.

ஆகவே மருந்தைத் தேடத்தான் வேண்டும். தேடுவதற்கு முன்னால் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த பெயர்; உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். இது நம் எல்லாருக்கும் தெரியும். காது மருந்திலும் கதை அதேதான். சீழ் வடியும் காதுக்கு வைத்தியர்கள் அதிகம் எழுதுவது சிப்ரோபுளொக்சசின் என்ற சொட்டு மருந்து. அதைப் பல கம்பனிகள் பல பெயரில் விற்கின்றன. நீங்கள் கம்பனிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் இல்லை என்பார்; மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அதே ராக்கையிலிருந்து வேறு பெட்டியை எடுத்துத் தரவும் கூடும். மருந்தை அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும், மலிவாக வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைகள்தான் இன்று நாம் ‘ஒசுசல’ என்று சொல்பவை.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். சிப்ரோபுளொக்சசின் கண்ணுக்கும் சொட்டு மருந்தாக வருகிறது. காதுக்கென்று தனியாக வரும் போத்தல் கிடைக்காத இடத்தில், கண்ணுக்கான அதே மருந்தைக் காதுக்கு விடும்படி வைத்தியர்கள் எழுதுவது வழக்கம். பெட்டியில் கண் படம் இருப்பதைப் பார்த்து, “கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான்” என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். துண்டை எடுத்துப் பாருங்கள், தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் காட்டுங்கள். கண் மருந்து காதுக்குப் போகலாம். காது மருந்து மட்டும் ஒருபோதும் கண்ணுக்குப் போகக்கூடாது. கண் மருந்துகளிலும் பல வகை உண்டு. ஆகவே எந்தக் கண் மருந்து காதுக்கு ஆகும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர். நாமோ கடைக்காரரோ அல்ல.

“அது இல்லை, இதைக் கொண்டு போங்க, இதுவும் காதுக்குத்தான்” என்று கடையில் சொன்னால் உடனே காசை நீட்டாதீர்கள். காதுக்கு வரும் சொட்டு மருந்துகள் ஒன்றுக்கொன்று வெகு தூரம். சீழுக்கு ஒன்று. மழைக்காலத்தில் காதுக்குள் பூஞ்சணம் பிடித்து அரித்தால் அதற்கு வேறொன்று. அந்தக் காதுக்குச் சீழ் மருந்தை நாட்கணக்கில் விட்டால் பூஞ்சணம் கூடவும் செய்யும். குறுமி இறுகியிருந்தால் அதை இளக்க இன்னொன்று. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சில மருந்துகள், செவிப்பறையில் ஓட்டை உள்ள காதுக்குள் இறங்கினால் கேட்கும் நரம்பையே கெடுக்கக்கூடும். காதுக்குள் ஓட்டை இருக்கிறதா என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? விளக்கு வைத்துப் பார்த்தவர் வைத்தியர்தானே.

ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வெளிக்கிட முன்னரே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். முதலில் அங்குள்ள மருந்து கொடுக்கும் இடத்தில் துண்டைக் காட்டுங்கள். அங்கே இல்லை, வெளியில் வாங்குங்கள் என்றால், வரிசை நீளமாக இருந்தாலும் மறுபடி வைத்தியரிடம் போய், “ஐயா, இந்த மருந்து வெளியிலயும் கிடைக்காட்டி அதுக்குப் பதிலா எதை வாங்கலாம்? அதையும் எழுதித் தாங்க” என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். நம்மவர்களுக்கு வெள்ளைக்கோட்டைக் கண்டாலே வாய் அடைத்துவிடுகிறது, சிங்களமும் சரளமாக வராது. பரவாயில்லை, துண்டை நீட்டி “இல்லை” என்று கையைக் காட்டினாலே விளங்கிக்கொள்வார்கள். அந்த ஒரு வரி துண்டில் இருந்தால் இரண்டாவது பயணம் மிச்சம்.

கடை கடையாக நடப்பதை விட, துண்டை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. துண்டு மழையில் நனைந்தாலும் படம் இருக்கும். டவுன் பார்மசிகளின் நம்பர் அவர்கள் தரும் கடதாசிப் பையிலேயே அச்சடித்திருக்கும். போன் பண்ணி, மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, இருக்கிறதா, விலை என்ன என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள். டவுனில் இல்லாவிட்டால் ஒசுசல கிளையிலும், கண்டி போன்ற இடங்களில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எதிரே உள்ள பெரிய பார்மசிகளிலும் விசாரியுங்கள். காது கிளினிக் நடக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் காது மருந்து இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். “இல்லை” என்ற கடையிலும், “எப்ப எடுப்பிச்சுத் தருவீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். மொத்த வியாபாரியிடம் சொல்லி எடுப்பித்துத் தரும் கடைக்காரர்கள் உண்டு.

கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளைகள் இல்லாத லயம் எது? அவர்களுக்குத் துண்டின் படத்தை அனுப்பினால், ஊருக்கு வரும் யாரிடமாவது மருந்தைக் கொடுத்துவிடலாம். ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று பேருக்கு மருந்து தேவைப்பட்டால், எல்லாரும் ஒருநாள் பேரை இழப்பதை விட ஒருவர் எல்லாத் துண்டுகளையும் கொண்டுபோவது புத்தி. இதை ஒழுங்கு செய்யச் சரியான ஆள் தோட்டத்து மருத்துவ உதவியாளர். பிள்ளைக் காம்பராவைப் பார்க்கும் அம்மாவிடமும் சொல்லி வைக்கலாம். எந்தப் பிள்ளைக்குக் காது வடிகிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். வாங்கி வந்த பிறகு போத்தலைப் பங்கு போடக் கூடாது. ஆளுக்கொரு போத்தல்.

யாரோ பையில் கொண்டுவந்து விற்கும் மருந்தை, பில் இல்லாத மருந்தை வாங்கவே வேண்டாம். 2023இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்கு, பிறகு விட்ட சொட்டு மருந்தால் கண்ணே பாதிக்கப்பட்டு, அந்த மருந்தைத் திருப்பி எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வழியாக வந்த மருந்திலேயே அப்படி நடக்குமென்றால், பெயர் ஊர் தெரியாத போத்தலை எப்படி நம்புவது? மருந்துகளைப் பதிவு செய்து கண்காணிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. வாங்கும்போது பெட்டியின் மூடி உடையாமல் இருக்கிறதா, காலாவதித் திகதி என்ன என்று பாருங்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்து வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சீழ் வடியும் காதை உலர வைப்பதே பாதி வைத்தியம். சுத்தமாகத் துவைத்துக் காயவைத்த பழைய பருத்தித் துணியை, அல்லது எளிதில் கிழியாத மெல்லிய டிஷ்யூவைத் திரிபோல முறுக்கிக் காதுக்குள் மெதுவாக வையுங்கள். நனைந்ததும் எடுத்து எறிந்துவிட்டுப் புதிய திரி வையுங்கள். திரி நனையாமல் வரும்வரை இப்படிச் செய்ய வேண்டும், நாளைக்கு மூன்று தரமாவது. ஈர்க்குச்சி, ஊக்கு, பஞ்சு சுற்றிய குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. திரியைக் காதிலேயே விட்டுவிடவும் கூடாது. எண்ணெய் வேண்டாம். பீலியில் குளிக்கும்போது பஞ்சில் வெசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

மருந்து கிடைத்த பிறகும் முதலில் திரி, பிறகுதான் சொட்டு. சீழ் நிறைந்த காதில் விட்ட மருந்து சீழின் மேலே மிதந்து வெளியே வந்துவிடும். கஷ்டப்பட்டுத் தேடிய மருந்து வீண். நம்மூர்க் குளிருக்குப் போத்தலைச் சில நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த மருந்து காதில் இறங்கினால் தலை சுற்றும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காது மடலைச் சின்னப் பிள்ளைக்குக் கீழ்ப்பக்கம் பின்னாலும், பெரியவர்களுக்கு மேல்பக்கம் பின்னாலும் இழுத்து, எழுதிய அளவு சொட்டு விடுங்கள். காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தை நாலைந்து தரம் அமுக்குங்கள், மருந்து உள்ளே இறங்கும். ஐந்து நிமிடம் அப்படியே படுக்கட்டும். போத்தல் முனை காதில் படக் கூடாது. நாட்பட்ட சீழுக்கு வழக்கமாக இரண்டு வாரம் விட வேண்டும். நாலாம் நாளே சீழ் நின்றாலும் வைத்தியர் எழுதிய நாள்வரை நிறுத்தாதீர்கள். திறந்த போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு அதில் மிச்சம் இருந்தாலும் வெளியே போட வேண்டியதுதான்.

சில நேரம் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கவே கூடாது. காதுக்குப் பின்னால் வீங்கித் தொட்டாலே வலித்தால், காய்ச்சலோடு வாந்தி, கடுமையான தலையிடி, கழுத்து விறைப்பு வந்தால், முகம் ஒரு பக்கம் கோணினால், தள்ளாடி நடந்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

இரண்டு வாரம் ஒழுங்காக மருந்து விட்டும் சீழ் நிற்கவில்லையென்றால், அதே மருந்தை இன்னொரு போத்தல் தேடி அலையாதீர்கள். காது, மூக்கு, தொண்டை வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். போகும்போது விட்ட மருந்தின் வெறும் போத்தலையும் பழைய துண்டையும் கொண்டுபோங்கள். “என்ன மருந்து விட்டீங்க?” என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி.