தன்னையே கேலிப்படமாக வரைந்தவர்

ஷிகெரு மிஸுகி என்றால் ஜப்பானியருக்கு முதலில் நினைவுக்கு வருவது பேய்கள்தான். இடுகாட்டில் பிறந்த ஒற்றைக்கண் சிறுவன் கிதாரோவின் கதைகளை அவர் வரைந்தார். 1968-இல் அவை தொலைக்காட்சிக்கு வந்தன. அதன் பிறகு தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து வளர்ந்தார்கள். ஆனால் அவர் படைப்பில் நின்று நிலைக்கப் போகும் பகுதி எது என்று கேட்டால், தன் வாழ்க்கையை வைத்து அவர் வரைந்த மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளைத்தான் காட்ட வேண்டும். அவை ஒரே நூலாக இல்லை. குழந்தைப் பருவம் ஒன்றில், போர் இன்னொன்றில், அரை நூற்றாண்டுக்கும் மேலான நாட்டு வரலாறு மற்றொன்றில் என்று பிரிந்து கிடக்கின்றன. எதிலும் அவர் கதாநாயகன் இல்லை. பசி அடங்காத, தூங்குமூஞ்சியான, அடிக்கடி அறை வாங்குகிற ஓர் ஆளாகத்தான் வந்து போகிறார்.

அவருடைய இயற்பெயர் முரா ஷிகெரு. 1922-இல் ஒசாகாவில் பிறந்து, தொத்தோரி மாநிலத்தின் சகாய்மினாதோ என்ற மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்தார். காலையில் எழ மாட்டார். எழுந்தால் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார். அவருக்கு உண்மையான ஆசிரியையாக வாய்த்தவர் வீட்டுக்கு வந்துபோன ஓர் ஏழைக் கிழவி. பிரார்த்தனை செய்து பிழைத்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 'நோன்நோன்பா' என்பது ஊரார் அவரை அழைத்த பெயர். அதுவே அந்த இளமைக்கால மங்காவின் தலைப்பாகவும் ஆனது.

கூரையில் கறை படிந்திருந்தால், இரவில் வந்து கூரையை நக்கும் பூதத்தின் வேலை என்று அந்தக் கிழவி சொல்வார். இருட்டில் நடக்கும்போது பின்னால் காலடி ஓசை கேட்டால் அது 'பெத்தோபெத்தோ-சான்'. ஓரமாக ஒதுங்கி நின்று, 'நீங்கள் முன்னே போங்கள்' என்று மரியாதையாகச் சொன்னால் போய்விடும். பயத்தை விரட்டாமல் அதற்கு வழிவிட்டு நிற்கும் இந்தப் பாடம் மிஸுகியிடம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. மங்காவில் கிழவியும் பேய்களும் ஒரே வீட்டில் சகஜமாகப் புழங்குகிறார்கள். எது சிறுவன் கண்டது, எது அவன் கற்பனை என்று கோடு கிழிக்க ஆசிரியர் மெனக்கெடவில்லை.

இருபது வயதைத் தாண்டியதும், இரண்டாம் உலகப் போரின் நடுவே, படைக்கு அழைப்பு வந்தது. நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபாவுலுக்கு அனுப்பப்பட்டார். மேலதிகாரிகளின் கை தினமும் கன்னத்தில் இறங்கியது. ஒரு முன்னணிக் காவல் நிலையில் இருந்தபோது அவருடைய சிறு பிரிவு தாக்கப்பட்டு, அவர் மட்டும் தப்பினார். கடலில் குதித்தும் காட்டில் ஒளிந்தும் பல நாள் கழித்து முகாமுக்கு வந்து சேர்ந்தவருக்குக் கிடைத்த வரவேற்பு, 'எல்லோரும் செத்திருக்க நீ மட்டும் ஏன் உயிரோடு வந்தாய்' என்ற வசவு. பிறகு மலேரியா. படுத்த படுக்கையாக இருந்தபோது வான்தாக்குதலில் இடது கை போயிற்று.

இதிலிருந்து பிறந்ததுதான் 1973-இல் வெளிவந்த போர்க்கதை. 'நமது உன்னத மரணங்களை நோக்கி முன்னேறு' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. இதில் தொண்ணூறு விழுக்காடு உண்மை என்று பின்னுரையில் மிஸுகியே எழுதியிருக்கிறார். படை வீரன் மருயாமா அவருடைய சாயல்.

போர்க்கதை என்று எடுப்பவர் எதிர்பார்ப்பது துப்பாக்கிச் சண்டை. புத்தகத்தின் பெரும்பகுதியில் அது இல்லை. வீரர்கள் பள்ளம் தோண்டுகிறார்கள், வயிற்றுப்போக்கில் அவதிப்படுகிறார்கள், பப்பாளி தேடி அலைகிறார்கள். ஒருவனை முதலை இழுத்துப் போகிறது. இன்னொருவன் பிடித்த மீனை வாயில் கவ்விக்கொண்டிருக்க, அது தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறிச் சாகிறான். எதிரி வருவதற்கு முன்பே இத்தனை சாவு! எல்லாம் அற்பமான, யாரும் பதக்கம் தராத சாவு. மேலிடம் பேசும் 'உன்னத மரணம்' எத்தனை வெற்றுச் சொல் என்பதை வாசகர் அந்த மீனிலேயே புரிந்துகொள்கிறார். இதைவிடக் கூர்மையான போர் எதிர்ப்பு வசனத்தை எழுதிவிட முடியாது.

மீதிப் பத்து விழுக்காட்டில் ஒரு முக்கியமான மாற்றம் இருக்கிறது. கதையில் அந்தப் படைப்பிரிவு முழுவதும் அழிகிறது. உண்மையில் பலர் பிழைத்தார்கள். 'எல்லோரும் மாண்டனர்' என்று தலைமையகத்துக்குத் தகவல் போய்விட்டதால், பிழைத்தவர்கள்தான் தொல்லையாகிப் போனார்கள். தப்பி வந்த அதிகாரிகள் தற்கொலைக்கு நிர்பந்திக்கப்பட்டனர். மிஸுகி அப்போது கையை இழந்து போர்முனைக்குப் பின்னால் கிடந்தார். தன் சாயலில் படைத்த மருயாமாவையும் கதையில் அவர் சாகவிட்டார். தன்வரலாறு எழுதுபவர் தன்னையே கொன்றுவிடுவது அபூர்வம். செத்தவர்களின் கதையை உயிரோடு வந்தவன் சொல்வதில் இருந்த கூச்சம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ரபாவுலில் அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. பக்கத்துக் கிராமத்து தோலாய் மக்களோடு நெருங்கிப் பழகினார். அவர்கள் பழமும் கிழங்கும் கொடுத்தார்கள். போர் முடிந்தபோது இங்கேயே இருந்துவிடு என்றார்கள். சீக்கிரம் திரும்புவதாக வாக்குக் கொடுத்துக் கப்பலேறியவரால் கால் நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகே திரும்ப முடிந்தது. பழைய நண்பர் தொபெத்ரோ அப்போதும் அங்கே இருந்தார்.

போருக்குப் பிந்தைய வறுமைதான் அவரை ஓவியத் தொழிலில் தள்ளியது. கோபே நகரில் 'மிஸுகி' என்ற பெயருள்ள ஒரு குடியிருப்பை நடத்தினார். புனைபெயர் அங்கிருந்து வந்தது. தெருவில் அட்டைப்படம் காட்டிக் கதை சொல்பவர்களுக்கு முதலில் வரைந்தார். பிறகு வாடகை நூல்கடைகளுக்கான மங்கா. கூலி சொற்பம், அதுவும் ஒழுங்காக வராது. 1961-இல் மணம் முடித்து வந்த மனைவி நுனோயேவும் உடன் உட்கார்ந்து மை தீட்டினார். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் பெரிய இதழ்களில் இடம் கிடைத்தது. மனைவி எழுதிய நினைவுநூலை 2010-இல் ஜப்பானின் அரசு சார்ந்த ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. தொடராக்கியது; நாடே பார்த்தது.

1988–89-இல் வந்த 'ஷோவா வரலாறு' எட்டுத் தொகுதிகள் கொண்டது. பேரரசர் ஹிரோஹித்தோ அரியணையில் இருந்த 1926 முதல் 1989 வரையிலான காலம் அதில் விரிகிறது. கதை சொல்பவன் கிதாரோ கதைகளில் வரும் எலி மனிதன். குளிக்காத, பொய் சொல்லத் தயங்காத போக்கிரி. அரசாங்கத்தின் வரலாற்றை அவன் வாயால் சொல்ல வைத்ததே பாதி விமர்சனம். மஞ்சூரியா ஆக்கிரமிப்பும் அமைச்சரவைக் கவிழ்ப்புகளும் ஒரு பக்கம். அடுத்த பக்கத்தில் சிறுவன் ஷிகெரு எதையாவது தின்றுகொண்டிருப்பான். பெயர்களும் தேதிகளும் மண்டிக்கிடக்கும் சில அத்தியாயங்கள் வெளிநாட்டு வாசகரைச் சோர்வடைய வைக்கும் என்பது உண்மை. ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் பக்கம் உயிர் பெற்றுவிடும்.

அவருடைய கோட்டு முறையை ஒரு பக்கத்தை எடுத்து நிதானமாகப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். காடு, கடல், கப்பல், இடிபாடு எல்லாம் புகைப்படத்தைப் பார்த்து, புள்ளி புள்ளியாக மை வைத்து, இலை நரம்பு தெரியும் அளவுக்கு வரையப்பட்டிருக்கும். நடுவில் மனிதன் மட்டும் உருண்டை மூக்கும் நாலு கோடுமாக நிற்பான். உலகம் அத்தனை கனமாக இருக்க, மனிதன் காற்றடித்தால் பறந்துவிடுவான் போலிருப்பான். போர்க்கதையில் சண்டை முடிந்த கடைசிப் பக்கங்களில் இந்த விதி மாறுகிறது: பிணங்களும் எலும்புகளும் நுணுக்கமாக, காட்டைப் போலவே வரையப்படுகின்றன. செத்த பிறகுதான் அந்த வீரர்களுக்கு முழு உருவம் கிடைக்கிறது.

அங்கீகாரம் தாமதமாக வந்தது. 2007-இல் பிரான்ஸின் அங்குலேம் படக்கதை விழாவில் 'நோன்நோன்பா' ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்வானது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் மங்கா அதுதான். போர்க்கதைக்கு 2012-இல் அமெரிக்காவின் ஐஸ்னர் விருது கிடைத்தது. ராத்தூக்கம் பார்க்காமல் உழைத்த சக மங்கா ஓவியர்கள் தெசுக்கா ஒசாமுவும் இஷினோமோரியும் அறுபது வயதில் போய்விட்டார்கள், நான் தூங்கினேன் என்று மிஸுகி வேடிக்கையாகச் சொல்வார். 2015 நவம்பரில் 93-ஆவது வயதில் அவர் காலமானார்.

புதிதாகப் படிக்கத் தொடங்குபவர் 'நோன்நோன்பா'விலிருந்து ஆரம்பிப்பது நல்லது. பேய்கள் பழகிப்போன பிறகு போர்க்கதை. ஜப்பானின் இருபதாம் நூற்றாண்டில் ஆர்வம் பிறந்தவர்கள், ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக வந்துள்ள ஷோவா வரலாற்றுக்குப் போகலாம்.