தீ மூட்டும் சரக்கு: எதைக் கொடுப்பது?

மலையடிவார ஊர்களில் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்கு இது பழகிய காட்சி. முதுகில் பை மாட்டிய இளைஞர்கள் வந்து, "அண்ணாச்சி, மழையில் நனைந்தாலும் தீப்பிடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். அதற்கான சரக்கு நம் அலமாரியிலேயே இருக்கிறது. அதன் குணமறிந்து கொடுப்பதே வியாபாரிக்கு அழகு.

சூடம்: ஒரே உரசலில் பற்றும், தண்ணீரில் மிதந்தபடியும் எரியும். ஆனால் திறந்து வைத்தால் காற்றோடு கரைந்துவிடும். பல மாதம் பையில் கிடந்தால் வெறும் தாள்தான் மிஞ்சும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் கொடுங்கள். கற்கண்டு என்று நினைத்துக் குழந்தைகள் தின்றால் உயிருக்கே ஆபத்து என்பதையும் சொல்லுங்கள்.

தேங்காய் நார்: செலவில்லாதது. நன்கு காய்ந்திருந்தால் பொறி பட்டாலே கனலும். ஈரம் இழுத்தால் பயன்படாது.

பஞ்சு: வெறும் பஞ்சு நொடியில் பொசுங்கிவிடும். வாசலின் தடவி உருட்டிய பஞ்சு சில நிமிடம் நின்று எரியும், ஈரத்துக்கும் அஞ்சாது, நாள்பட வைத்தாலும் குறையாது. மூன்றில் முதலிடம் இதற்கே.

தீப்பெட்டி: குச்சியின் மருந்து பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் உரசினால்தான் பற்றும். பட்டை நனைந்தால் குச்சி மட்டும் உலர்ந்திருந்து பயனில்லை. இரண்டையும் சேர்த்தே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள்.

நம் கடைக்கும் ஒரு சொல்: சூடத்தை விளக்கு, அடுப்புப் பக்கம் அடுக்காதீர்கள். தேயிலை, மாவு அருகில் வைத்தால் அவற்றில் வாடை ஏறி, சரக்கு திரும்பி வரும்.

விற்றதோடு நம் கடமை முடிவதில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் மாண்டதை மறக்க முடியுமா? காப்புக் காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். வனத்துறை அனுமதித்த இடத்தில் மட்டுமே மூட்ட வேண்டும். கிளம்புமுன் தண்ணீர் ஊற்றி, சாம்பலைத் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று கண்ட பிறகே நகர வேண்டும்.

பொட்டலம் மடிக்கும் நேரத்தில் இதைச் சொல்லிவிடலாம். லாபம் சில ரூபாய்தான். சொல்லும் வார்த்தையின் பலனோ ஒரு காட்டையே காக்கும்.