ஆளில்லாமல் நடந்த ஆடைகள்

2020-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதி. கொள்ளை நோய்க்கு அஞ்சி உலகமே கதவைச் சாத்திக்கொண்டு அடங்கிக் கிடந்த சமயம். புதுப்பாணி உடைகளை அரங்கேற்றும் மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அன்று அமெரிக்காவில் 'ஹனிஃபா' என்ற சிறு உடைக் கம்பெனியை நடத்திவரும் அனிஃபா ம்வுவெம்பா என்ற பெண்மணி, தம்முடைய புதிய உடைகளை இன்ஸ்டாகிராம் வழியாக உலகத்தாருக்குக் காட்டினார்.

கரிய திரையிலே ஓர் உடை நடந்து வந்தது. நேயர்கள் அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். உடைதான் வந்தது, உடுத்தியவள் வரவில்லை. தலை இல்லை, கை கால் இல்லை. ஆயினும் இடுப்பு அசைந்தது. அடிக்கு அடி மடிப்பு விரிந்து குவிந்தது. பிற்பாடு அதைப் பார்த்த நமக்கு முதலில் சற்றுத் திகிலாகவும், பிறகு பெரும் வியப்பாகவும் இருந்தது. அந்த உடைகள் ஒவ்வொன்றும் நூலால் அல்ல, கணக்கினால் தைக்கப்பட்டவை.

கணக்கு எப்படித் துணியாகும்? தையற்காரர் வெட்டுகிற முன்பக்கம், பின்பக்கம், கைத்துண்டு ஆகியவற்றை அப்படியே கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரிகிறது. இந்தத் துணி எவ்வளவு இழுபடும், எப்படி மடங்கும், ஒரு சதுர மீட்டர் என்ன எடை என்பவற்றை அளந்து சொன்னால், புவியீர்ப்பிலே அது எப்படித் தொங்கும் என்பதை யந்திரம் கணக்கிட்டுக் காட்டிவிடும். 1998-இல் டேவிட் பாரஃப், ஆண்ட்ரூ விட்கின் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட கட்டுரை இக்கணக்கைப் பெரிதும் விரைவாக்கியது. சினிமாப் பாத்திரங்களின் சட்டைக்குப் பயன்பட்ட வித்தை நாளடைவில் தையற்கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. தென்கொரியாவில் 2009-இல் தொடங்கிய 'க்ளோ' போன்ற கம்பெனிகள் இதற்கென்றே மென்பொருள் செய்து விற்கின்றன.

இதன் அருமை திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். சீமையிலிருந்து ஒரு வியாபாரி சித்திரம் அனுப்புவார். இங்கே சாம்பிள் தைத்து ஆகாய மார்க்கமாக அனுப்புவார்கள். கழுத்தை அரை அங்குலம் இறக்கு என்று பதில் வரும். மறுபடி தைப்பு, மறுபடி பார்சல். நிறம் பிடிக்கவில்லை என்று மூன்றாம் முறை. அத்தனையும் கழிவுத் துணி. அத்தனை நாளும் வீண். திரையிலேயே கழுத்தை இறக்கிக் காட்டிவிட்டால் எவ்வளவு மிச்சம்!

ஆனால் சாம்பிள் தைக்கும் டெய்லரின் கதி என்ன? கூடத்திலே மிகத் தேர்ந்த கைக்குத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். இந்தத் துணி அக்குளில் சுருங்கும், அந்தத் தையல் துவைத்ததும் முறுக்கிக்கொள்ளும் என்று விரலாலேயே அறிந்தவர் அவர். அவரையும் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்துப் பழக்கினால் யந்திரத்துக்கும் புத்தி வரும். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊசியே பிடித்தறியாத ஒருவரை அங்கே அமர்த்தினால், திரையில் அழகாக நடக்கும் சட்டை உடம்பில் ஏறாது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

வாங்குகிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். லண்டனில் 1999 நவம்பரில் 'பூ' என்றொரு கடை இணையத்தில் திறந்தது. உடையைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். 'மிஸ் பூ' என்ற சித்திரப் பெண் வரவேற்பாள். படம் வருவதற்குள் வாடிக்கைக்காரர் தூங்கிவிடும்படியான தொலைபேசிக் கம்பிகள் அந்நாளில்! 2000 மே மாதத்தில் கடையை மூடினார்கள். இன்று அந்தத் தொல்லை இல்லை. கூகிள் 2023-இல், ஒரே ரவிக்கையைப் பல பருமனுள்ள மாதர்மேல் காட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது; 2025-இல் நம்முடைய போட்டோவின்மேலேயே போட்டுக் காட்டத் தொடங்கிற்று.

இங்கே ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். முன்னே சொன்னது துணியின் கணக்கு. இதுவோ பெரும்பாலும் சித்திரம் தீட்டுவது. எப்படித் தோன்றும் என்று காட்டுமே தவிர, தோளில் பிடிக்குமா என்று சொல்லாது. நம் வீட்டுப் பெண்கள் டெய்லரிடம் பழைய அளவு ரவிக்கையைக் கொடுத்துவிட்டு வருகிறார்களே, அதில் உள்ள செய்தி எந்தப் போட்டோவிலும் இல்லை. போதாக்குறைக்கு, அளவு ரவிக்கை வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். உடம்பின் படம் எங்கே தங்கும், யார் பார்ப்பார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அனுப்புவது உத்தமம்.

தைக்கவே போகாத உடைகளும் உண்டு. 2019-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து 'ஃபாப்ரிகன்ட்' கம்பெனியார் செய்த ஓர் உடை 9,500 டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் மனைவியின் போட்டோவின்மேல் அதைப் பொருத்திக் கொடுத்தார்கள். கசக்கிக் கட்டும் கவலை இல்லை என்பதைத் தவிர அதனால் விளைந்த லாபம் நமக்கு விளங்கவில்லை.

அனிஃபாவின் உடைகள் அவ்விதமல்ல; அவை மெய்யாகவே தைத்து விற்பதற்கானவை. அவர் காங்கோ தேசத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். அந்த வரிசைக்கு அவர் காங்கோவின் பெயரையே வைத்திருந்தார். நடந்து வந்தவற்றுள் ஒன்று அந்நாட்டுக் கொடியின் நீலமும் சிவப்பும் மஞ்சளும் கொண்டது. உடைகளுக்கு முன்னால் அவர் ஒரு சிறு படத்தை ஓட்டினார். கிழக்குக் காங்கோவில் சிறுவர்கள் உட்படப் பலர் மண்வெட்டியும் கையுமாகக் கோல்டான் என்ற தாதுவைத் தோண்டும் அவலத்தைப் பற்றிய படம் அது. அத்தாதுவிலிருந்து எடுக்கும் டாண்டலம் என்ற உலோகம் கைபேசிகளுக்குள்ளும் கம்ப்யூட்டர்களுக்குள்ளும் இருக்கும் மிகச் சிறிய உறுப்புகளுக்கு வேண்டியிருக்கிறது. எடையே இல்லாத அந்த உடைகளைப் பார்க்க, அன்று எல்லோரும் கையில் ஏந்தியிருந்தது அப்பேர்ப்பட்ட கருவிகளைத்தான்.