ரூட்டரில் போர்ட் காலியா இல்லையா? ஸ்விட்ச் வாங்கும் முன் இதை கவனிங்க!

டிவி, கம்ப்யூட்டர், சிசிடிவி, கேம் கன்சோல் என கேபிள் போட்டே ரூட்டரின் 4 லேன் போர்ட்டும் நிரம்பிவிட்டதா? புது ரூட்டர் தேவையில்லை. ஒரு ஈத்தர்நெட் ஸ்விட்ச் போதும்.

எப்படி இணைப்பது?

ரூட்டரில் ஒரு கேபிளைக் கழற்றி, அந்த லேன் போர்ட்டில் இருந்து ஸ்விட்சுக்கு இணைப்பு கொடுங்க. அடாப்டரை ஆன் செய்தால் வேலை முடிந்தது. ‘அன்மேனேஜ்டு’ வகை ஸ்விட்சில் செட்டிங்ஸ் எதுவும் கிடையாது.

எத்தனை போர்ட்?

5 போர்ட் ஸ்விட்சில் ஒன்று ரூட்டருக்கே போய்விடும். ரூட்டரிலும் ஒரு போர்ட் போவதால், கூடுதலாகக் கிடைப்பது 3 தான். அதற்கு மேல் வேண்டும் என்றால் 8 போர்ட் வாங்குங்க.

எங்கே ஏமாறுவோம்?

விலை குறைவு என 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் வாங்கினால், 300 எம்பிபிஎஸ் பிளான் இருந்தும் பயனில்லை. அதில் இணைத்த எல்லா கருவிகளுக்கும் சேர்த்தே இன்டர்நெட் வேகம் 100-ஐத் தாண்டாது. பெட்டியில் ‘10/100/1000’ அல்லது ‘கிகாபிட்’ என இருக்கணும். ரூட்டர் போர்ட்டும் கிகாபிட்டா எனப் பாருங்க. கேபிள் கேட் 5இ அல்லது கேட் 6 ஆக இருப்பது அவசியம்.

இதைச் செய்யாதீங்க!

வேகம் கூடும் என நினைத்து ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் இடையே இரண்டு கேபிள் போடக் கூடாது. டேட்டா சுற்றிச் சுற்றி வந்து, வைஃபை உட்பட மொத்த நெட்வொர்க்கும் முடங்கிவிடலாம்.